மரியதாசன் கட்டிய ஒல்லாந்தர் மதில்

பெப்ரவரி 3, சனி

இந்தக் கொப்பியைத் தந்தவர்கள் 'பசுமை மரபுச் சுற்றுலாத் திட்டம்' என்று பெயர் வைத்துக்கொண்டு எங்கள் தீவில் வந்து இறங்கியிருக்கும் ஆட்கள். பழைய கடதாசியை ஊறவைத்து, அரைத்து, காயவைத்துச் செய்த கொப்பியாம். பேனையை வைத்தால் மை நாலு பக்கமும் ஊறுகிறது. வழிகாட்டிகள் தினமும் கண்டதைக் குறித்துவைக்க வேண்டுமாம். குறித்துவைக்கிறேன். வாசித்துவிட்டு முகம் சுளித்தால் அது அவர்கள் பாடு.

ஐம்பத்தெட்டு வயதில் நான் வழிகாட்டி. பிரதேச சபை நூலகத்தில் முப்பது வருடம் புத்தகங்களுக்குத் தூசி தட்டியவள் என்பதால் பிலோமினாவுக்குச் சரித்திரம் தெரியும் என்று முடிவுகட்டிவிட்டார்கள். இங்கிலீசும் கொஞ்சம் வரும். தாழைத்தீவில் இந்த இரண்டும் சேர்ந்த ஆள் வேறு இல்லை. அது என் கெட்டித்தனமல்ல, ஊரின் நிலைமை.

பயிற்சி சபை மண்டபத்தில் நடந்தது. திட்ட அலுவலர் துஷ்யந்தன் யாழ்ப்பாணத்துப் பெடியன், முப்பது வயதிருக்கும், மூங்கில் போத்தலில் தண்ணீர் குடிக்கிறார். சூழலுக்குக் கெடுதி செய்யாமல் தீவின் பண்பாட்டையும் வரலாற்றையும் காட்டுவது எப்படி என்று ஒரு மணித்தியாலம் பேசினார். பிறகு எங்களுக்கு மத்தியானச் சாப்பாடு பிளாஸ்ரிக் பெட்டியில் வந்தது. பெட்டிக்குள் பிளாஸ்ரிக் கரண்டி. கரண்டிக்கு ஒரு பிளாஸ்ரிக் உறை.

காட்டவேண்டிய இடங்கள் நாலு. பத்துப் பேர் கைகோத்தாலும் அடங்காத பெருக்குமரம், கடற்கரையில் இடிந்து கிடக்கும் ஒல்லாந்தர் குதிரை லாயம், அந்தோனியார் கோயில், நல்ல தண்ணிக் கிணறு. இதைக் காட்ட ஒரு நாள் முழுக்கத் தேவையா என்று கேட்டேன். மெதுவாக நடந்து பார்க்கிறதுதான் இப்போது உலகத்தின் போக்கு அன்ரி என்றார். எங்கள் ஊரில் எல்லோரும் மெதுவாகத்தான் நடக்கிறார்கள். ஒருத்தரும் அதைப் படம் பிடிக்க வந்ததில்லை.

பெப்ரவரி 10, சனி

காலையில் அடுத்த வளவில் அளவெடுக்கும் சத்தம்.

அடுத்த வளவைப் பற்றி ஒருமுறை எழுதிவிடுகிறேன், பிறகு எழுதமாட்டேன். அங்கே இருப்பவள் அசும்தா. என் கூடப்பிறந்தவள், என்னைவிட ஆறு வயது மூப்பு. அப்பு ஒரே வளவை இரண்டாகப் பிரித்து எங்கள் இருவருக்கும் சீதனமாக எழுதினார். நடுவே கிடுகு வேலி. வேலியில் ஒரு பொட்டு, அதாவது ஆள் குனிந்து போய்வரும் அளவுக்கு ஒரு ஓட்டை. இந்தப் பக்கங்களில் சொந்தக்காரர் வாசல் படலையைத் திறந்துகொண்டு வருவதில்லை, பொட்டால்தான் வருவார்கள். உப்பு கேட்க, கறி கொடுக்க, அழ, சண்டைபிடிக்க எல்லாம் பொட்டுத்தான். பொட்டை அடைத்தால் இனி முகத்தில் முழிக்காதே என்று அர்த்தம்.

அம்மா செத்து முப்பத்தோராம் நாள், பந்தியில் ஊர் முழுக்க இருக்க, "பெத்த தாய் சாகேக்க இவள் யாழ்ப்பாணத்தில சீலை பாத்துக்கொண்டு திரிஞ்சவள்" என்று சொன்னாள் அசும்தா. நான் அன்று எங்கே போனேன் என்பது என் விஷயம். அன்று பின்னேரமே பொட்டை அடைத்தேன். அடுத்த கிழமை வேலியையே பிடுங்கிவிட்டு என் மனுசன் மரியதாசன் கல்மதில் கட்டினார். லாயத்தில் விழுந்து கிடந்த கடல் முருகைக்கற்களை மாட்டுவண்டியில் ஏற்றிவந்தோம். ஊரில் எல்லோரும் அங்கேதான் கல் எடுப்பது. நானும் சுமந்தேன். அது தொண்ணூற்றெட்டாம் ஆண்டு. மரியதாசன் போய்ச் சேர்ந்து ஒன்பது வருடமாகிறது. மதில் அப்படியே நிற்கிறது.

இன்று யோண்பிள்ளை மேசன் அந்தப் பக்கம் நின்று நாடா பிடித்து மதிலை அளக்கிறார். எதற்கு என்று கேட்க வாய் உன்னியது, அடக்கிக்கொண்டேன். எதற்கென்று எனக்குத் தெரியாதா? மகன் பிரான்சிலிருந்து காசு அனுப்புகிறான், இவளுக்குக் கை அரிக்கிறது. மதிலை இடித்து என் பக்கம் இரண்டடி தள்ளிக் கட்டப் பார்க்கிறாள். பார்த்துக்கொண்டு நிற்க நான் என்ன பெருக்குமரமா?

அவளுடைய இருமலும் கூடியிருக்கிறது. காலையில் மட்டும் பதினொரு தரம். நான் எண்ணவில்லை, காதில் விழுந்தது.

பெப்ரவரி 12, திங்கள்

துஷ்யந்தனுக்கு ஐந்தாவதாக ஒரு இடம் வேண்டுமாம். நாலு என்றால் துண்டுப்பிரசுரத்தில் ஒரு மடிப்பு வெறுமையாக இருக்கிறதாம்.

எங்கள் வளவு மதில் ஒல்லாந்தர் காலத்தது, குதிரை லாயத்தின் வெளிமதில் என்று சொன்னேன். இவ்வளவுதான் சொன்னேன். அந்தப் பிள்ளையின் கண் விரிந்த விரிவைப் பார்க்க வேண்டும். யார் சொன்னது, என்ன ஆதாரம் என்று ஒரு வார்த்தை கேட்கவில்லை. மரபுச் சின்னம் என்று பதிந்துவிட்டால் ஒரு கல்லைக்கூட ஒருவரும் அசைக்க முடியாது, சட்டம் இருக்கிறது அன்ரி என்று எனக்கே விளங்கப்படுத்தினார். எனக்கு வேண்டியதும் அதுதானே.

வீட்டுக்கு வந்து ஒரு மீன்குழம்பு வைத்தேன். நல்ல பசி.

பெப்ரவரி 14, விபூதிப் புதன்

பொய்க்குப் பாவசங்கீர்த்தனம் செய்யவேண்டுமா என்று கோயிலில் யோசித்தேன். மனுசரைப் பற்றிச் சொன்னால்தான் பொய், மதிலைப் பற்றிச் சொன்னால் என்ன? விட்டுவிட்டேன்.

அடுத்த வளவு கோயிலுக்கு வரவில்லை. அவள் விபூதிப் புதனைத் தவறவிட்டு நான் கண்டதில்லை.

பெப்ரவரி 23, வெள்ளி

நிபுணர் வந்தார். ஒல்லாந்திலிருந்தே வந்த ஒல்லாந்தர், ஆறடிக்கு மேலே வளர்ந்த மனிதர். எனக்குக் கொஞ்சம் பயம்தான். இது தன் பாட்டன் பூட்டன் கட்டாத மதில் என்று அந்த மனிதருக்குத் தெரியாமல் போகுமா?

வீணாகப் பயந்துவிட்டேன். அரைநாள் மதிலோடு மினக்கெட்டார். ஊசியால் குத்தினார், கல்லில் ஒட்டியிருந்த பழைய சுண்ணாம்பைச் சுரண்டிக் குப்பியில் போட்டார், ஒரு கல்லை முகர்ந்தும் பார்த்தார். கிணற்றடிக்குக் கிட்ட மதில் ஒரு இடத்தில் வளைந்து போகும். மரியதாசன் அன்று மத்தியானம் கள்ளு அடித்துவிட்டு வந்து கல் அடுக்கியதால் வந்த வளைவு அது. நான் அப்போதே ஏசினேன், பிடுங்கிக் கட்டச் சொன்னேன், மனுசன் கேட்கவில்லை. நிபுணர் அந்த வளைவுக்கு முன்னால் பத்து நிமிடம் நின்றார். பிறகு, சோளகக் காற்றின் வேகத்தைத் தணிப்பதற்காக ஒல்லாந்துப் பொறியியலாளர்கள் கையாண்ட அபூர்வமான நுட்பம் என்றார். துஷ்யந்தன் எழுதிக்கொண்டார்.

மதில் கட்டிய ஆண்டு ஆயிரத்து எழுநூற்று அறுபத்துநாலாம். ஒரு வருடம் முன்பின்னாக இருக்கலாம் என்று பெருந்தன்மையாகச் சொன்னார்.

மார்ச் 4, திங்கள்

மூன்று மொழியிலும் பலகை நட்டாயிற்று. மதிலுக்கு இந்தப் பக்கம் மூன்றடி, அந்தப் பக்கம் மூன்றடி தள்ளிக் கயிறு கட்டியிருக்கிறார்கள். தும்புக் கயிறுதான், அதில் குறை சொல்ல முடியாது.

யோண்பிள்ளை மேசன் என் படலையடியில் நின்று பலகையை வாசித்தார். வாசித்துவிட்டு என் முகத்தைப் பார்த்தார். வாயைத் திறந்தார். தோற்றுப்போன ஆளோடு எனக்கென்ன கதை என்று உள்ளே போய்விட்டேன்.

மார்ச் 9, சனி

முதல் குழு. கொழும்பிலிருந்து ஒன்பது பேர். காற்றை மாசுபடுத்தாத பயணம் என்று பிரசுரத்தில் போட்டிருக்கிறது. வந்த வள்ளம் கக்கிய டீசல் புகையில் இறங்குதுறையே தெரியவில்லை. குடிக்கச் சிரட்டையில் இளநீர் கொடுத்தோம். தீவில் இளநீர் ஏது, அதுவும் வள்ளத்தில்தான் வந்தது. ஒரு அம்மா பெருக்குமரத்தைக் கட்டிப்பிடித்துக்கொண்டு கண்ணை மூடினார். அதன் மறுபக்கம் ஆடுகள் என்ன செய்து வைத்திருக்கின்றன என்று சொல்ல நினைத்தேன், அதற்குள் கன்னத்தையும் வைத்துவிட்டார்.

பிறகு எங்கள் மதில். கயிற்றுக்கு வெளியே வரிசையாக நிற்கவைத்துச் சொன்னேன். ஆயிரத்து எழுநூற்று அறுபத்துநாலு, ஒல்லாந்துக் கம்பனிக்காரர், முந்நூறு குதிரை. எனக்கே ஒரு கட்டத்தில் நம்பிக்கை வந்தது.

அப்போது மதிலுக்கு அந்தப் பக்கத்திலிருந்து குரல். படுக்கையில் கிடந்து சொல்கிற குரல், மெலிந்துபோய், ஆனால் ஒரு எழுத்துப் பிசகாமல் வந்தது.

"மரியதாசன் எப்பவிருந்தடி ஒல்லாந்தன்?"

இருபத்தாறு வருடத்தில் அவள் என்னிடம் சொன்ன முதல் வார்த்தை. பலகையை இறுகப் பிடித்துக்கொண்டேன். கோபத்தில்தான். என்ன சொல்கிறார்கள் என்று கொழும்பு ஐயா ஒருவர் இங்கிலீசில் கேட்டார். ஊர்ச்சனம் உங்களை வரவேற்கிறது என்று சொன்னேன். ஒன்பது பேரும் மதிலைப் பார்த்துக் கைகூப்பினார்கள்.

அந்தப் பக்கத்தில் சிரிப்பு. சிரிப்பு இருமலாகி, இருமல் நிற்கவில்லை. அவர்களைக் கூட்டிக்கொண்டு கிணற்றைப் பார்க்கப் போகும்வரைக்கும் நிற்கவில்லை.

மார்ச் 16, சனி

மூன்று நாளாக அடுத்த வளவில் சத்தமில்லை. சமையலுக்கு வருகிற றீற்றாவின் செருப்புச் சத்தம் மட்டும் கேட்டது. இருமலும் இல்லாமல் நித்திரை நன்றாக வருமென்று நினைத்தேன், வரவில்லை.

கடையில் கேள்விப்பட்டேன். அக்காவைக் கரைக்குக் கொண்டுபோய்ப் பெரிய ஆசுப்பத்திரியில் காட்டினார்களாம். நெஞ்சில் கட்டி. வெட்டுகிற கட்டம் தாண்டிவிட்டது, வீட்டில் வைத்துப் பாருங்கள் என்று திருப்பி அனுப்பிவிட்டார்களாம். மகனுக்குப் பிரான்சில் விசா வழக்கு முடியவில்லை, நாட்டை விட்டு வெளிக்கிட்டால் திரும்பிப் போக முடியாது.

கடைக்காரர் எனக்கு இது முதலே தெரியும் என்று நினைத்துக்கொண்டு சொன்னார். ஓம், ஓம் என்று தலையாட்டிவிட்டு வந்தேன்.

மார்ச் 17, ஞாயிறு

பூசை முடிந்ததும் போனேன். என் படலை கடற்கரை ரோட்டில், அவளுடையது கோயில் ஒழுங்கையில். கடல்நீரேரியைச் சுற்றி இருபது நிமிட நடை. எங்கள் இரண்டு குசினிக்கும் இடையில் இருபதடி. ஊர் முழுக்கப் பார்த்தது. பார்க்கட்டும்.

றீற்றா விறாந்தையிலிருந்து கதிரை தூக்கிவந்து கட்டிலுக்கு நாலடி தள்ளிப் போட்டாள். தட்டத்தில் விசுக்கோத்து, கண்ணாடித் தம்ளரில் சோடா. வெளியாட்களுக்குச் செய்கிற உபசாரம் அத்தனையும். அவள் எழும்பி இருந்தாள். சுவரில் கை ஊன்றி, மூச்சு வாங்க, தலையணையை முதுகுக்கு வைத்து, சீலைத் தலைப்பைச் சரிசெய்துகொண்டு இருந்தாள். கிழங்குபோல இருந்த உடம்பு, இப்போது தோள் எலும்பு சட்டைக்கு மேலாகத் தெரிகிறது.

வெயில் கடுமை என்றேன். ஓம் என்றாள். கோயிலில் சனமோ என்றாள். பரவாயில்லை என்றேன். பிறகு சோடாவைக் குடித்தேன். குடித்து முடிய வேறொன்றும் செய்வதற்கு இருக்கவில்லை, எழும்பினேன்.

"வந்ததுக்கு நன்றி" என்றாள்.

சகோதரத்துக்குச் சொல்கிற வார்த்தையா இது? கன்னத்தில் அறைந்திருக்கலாம். வழிமுழுக்க அவளை ஏசிக்கொண்டு வந்தேன். திமிர் பிடித்தவள். சாகிற நேரத்திலும் சோடா ஊற்றித் தருகிறவள். இனி அந்தப் பக்கம் தலைவைத்துப் படுக்கமாட்டேன்.

அவளுடைய கட்டில் மதில் பக்கத்து யன்னலோடு போட்டிருக்கிறது. யன்னலால் பார்த்தால் மதில் மட்டும்தான் தெரியும்.

மார்ச் 20, புதன்

யோண்பிள்ளை மேசன் தானாகவே வந்தார். கிணற்றடியில் சட்டி தேய்த்துக்கொண்டிருந்தேன். இன்றைக்குச் சொல்லாவிட்டால் எனக்கு நித்திரை வராது பிலோமினாக்கா என்று நின்றபடியே தொடங்கினார்.

"மாசி மாதம் அளந்தது மதிலைத் தள்ளிக் கட்ட இல்லை. கொக்கா அசும்தாதான் கூப்பிட்டவ. இதில ஒரு பொட்டு வைக்க ஏலுமோ எண்டு கேட்டவ. குனிஞ்சு வாற அளவு காணும், பிலோ என்னைவிடக் கட்டை எண்டவ."

நான் சட்டியைப் பிடித்துக்கொண்டு நின்றேன். முதலில் உங்களிட்டச் சொல்லிப்போட்டுத்தான் கல்லைத் தொடவேண்டும் என்று அவள் சொன்னாளாம். கரையில் ஒரு வேலை முடித்துவந்து, அதற்காகத்தான் அன்று என் படலையடியில் நின்றாராம். நான் கதவைச் சாத்திக்கொண்டு உள்ளே போய்விட்டேனாம். அதற்குள் பலகையும் நட்டாயிற்றாம்.

இப்போதே உடைத்துத் தாரும் என்றேன். சட்டத்தை மீறினால் மேசன் வேலைக்குரிய பதிவைப் பறித்துவிடுவார்கள், வீட்டில் நாலு வயிறு இருக்கிறது, மன்னியுங்கோ என்றார். மன்னிக்க வேண்டியது நானா?

எழுத வெட்கமாக இருக்கிறது. ஆனால் எழுதத்தான் வேண்டும். அவள் எனக்குக் கதவு திறக்கப் பார்த்திருக்கிறாள். நான் ஒல்லாந்தரைக் கூட்டிவந்து அதைப் பூட்டியிருக்கிறேன். என் மேலேயே காறித் துப்ப வேண்டும் போலிருக்கிறது.

மார்ச் 21, வியாழன்

துஷ்யந்தனின் அலுவலகத்துக்குப் போய் உண்மையைச் சொன்னேன். மதில் தொண்ணூற்றெட்டில் கட்டியது, கட்டியது என் மனுசன், கல் சுமந்தது நான், சொன்னது பொய். பலகையைக் கழற்றுங்கள், எனக்கு ஒரு பொட்டு வேண்டும்.

பொறுமையாகக் கேட்டார். தண்ணீர் தந்தார். பிறகு சிரித்தார்.

"அன்ரி, வாய்மொழி வரலாற்றில இது நடக்கிறதுதான். குடும்ப நினைவும் உண்மையான வரலாறும் கலந்துபோகும். அங்கிள் திருத்தவேலை ஏதும் செய்திருப்பார்."

நிபுணரின் அறிக்கையை எடுத்து வைத்தார். நாற்பத்தாறு பக்கம், வர்ணப் படங்களோடு. வளைவுக்கு மட்டும் ஏழு பக்கம். நான் பொய் சொன்னபோது ஒரு கேள்வி கேட்காமல் நம்பிய மனிதர், உண்மையைச் சொல்ல ஆதாரம் கேட்கிறார். கட்டியவனின் பெண்சாதி முன்னால் நிற்கிறேன், இதைவிட என்ன ஆதாரம் வேண்டும் என்று கேட்டேன். வேண்டுமென்றால் அடிக்குறிப்பில் அங்கிளின் பெயரைச் சேர்க்கலாம் என்றார். அடிக்குறிப்பைக் கொண்டுபோய் அவருடைய மூங்கில் போத்தலுக்குள் போடச் சொல்லிவிட்டு வந்தேன்.

மார்ச் 24, குருத்து ஞாயிறு

றீற்றாவிடம் சொல்லியனுப்பினேன், நாளைக்கு வருகிறேன் என்று. பதில் வந்தது. "ரோட்டால வாறதெண்டா வரவேண்டாமெண்டு சொல்லு. ரோட்டால வாற ஆக்களுக்கு எழும்பி இருக்க வேணும். எனக்கு இனி ஏலாது."

மார்ச் 28, பெரிய வியாழன்

நடந்ததை நடந்தபடி எழுதுகிறேன்.

இன்றைக்குப் பதினான்கு பேர் கொண்ட குழு. பாதி வெள்ளையர், பாதி கண்டிப் பக்கத்து ஆட்கள். இவர்கள் பார்த்துவிட்டுப் போகிற ரகமில்லை, எதையும் கைபோட்டுச் செய்து அனுபவிக்கிற ரகமாம். காலையில் கடற்கரையில் அவர்களை ஓலை பின்ன வைத்தோம். பின்னியதைப் பார்த்தால் மாடும் தின்னாது. துஷ்யந்தன் சபையில் ஒரு கூட்டத்துக்குப் போயிருந்தார்.

மதிலடிக்கு வந்தோம். பலகைக்குப் பக்கத்தில் நின்று வாயைத் திறந்தேன். ஆயிரத்து எழுநூற்று என்ற வார்த்தை வரவில்லை. அந்தப் பக்கத்தில் அவள் கேட்டுக்கொண்டு கிடக்கிறாள் என்று தெரியும்.

கயிற்றைத் தூக்கிக்கொண்டு உள்ளே போனேன். பொட்டு இருந்த இடம் எனக்குத் தெரியாதா? கிணற்றிலிருந்து ஏழு காலடி. மேல்வரிசைக் கல்லைப் பிடித்து அசைத்தேன், வந்தது. நிலத்தில் போட்டேன். அடுத்ததை எடுத்தேன்.  என்ன செய்கிறீர்கள் என்று ஒரு வெள்ளைக்காரப் பெண் கேட்டாள்.

இன்று எங்கள் வழக்கப்படி வேலியில் வழி திறக்கிற நாள் என்றேன். அதில் எவ்வளவு பொய், எவ்வளவு உண்மை என்று இப்போதும் எனக்குத் தெரியவில்லை. நாங்களும் சேரலாமா என்றாள். தாராளமாக என்றேன்.

ஐயோ, அந்தச் சந்தோசத்தைப் பார்க்க வேண்டும். தொப்பியைக் கழற்றினார்கள், வரிசையாக நின்றார்கள், கல்லைக் கை மாற்றிக் கை மாற்றிக் கொடுத்தார்கள். ஒருவர் தாளம் போட்டார். கண்டியிலிருந்து வந்த இளைப்பாறிய பொறியியலாளர் ஒருவர், மேலே உள்ள கல் சரியாமலிருக்க ஒரு பனம் சலாகையைக் குறுக்கே கொடுக்க வேண்டும் என்று சொல்லி, தானே தேடி எடுத்துவந்து வைத்தார். இருபத்தாறு வருடம் நின்ற மதிலில் முக்கால் மணித்தியாலத்தில் பொட்டு விழுந்தது. என் நகம் இரண்டு பிய்ந்துபோனது.

நடுக்கல்லுக்குப் பின்னாலிருந்து துருப்பிடித்த ஒரு மீன்டின் உருண்டு விழுந்தது. இடைவெளியை அடைக்க மரியதாசன் செருகியது. அடியில் எண்கள் அச்சடித்திருந்தன, காலாவதி இரண்டாயிரமாம் ஆண்டு. அந்த நேரம் பார்த்துத் துஷ்யந்தன் சைக்கிளில் வந்து இறங்கினார். முகம் வெளிறி, கல்லையும் ஓட்டையையும் பார்த்தார். வெள்ளைக்காரப் பெண் அவருடைய இரண்டு கையையும் பிடித்துக் குலுக்கினாள். இந்த நாட்டில் தாங்கள் கண்டவற்றில் இதுதான் அருமையான நிகழ்ச்சி, இதை ஒழுங்கு செய்ததற்கு மிக்க நன்றி என்றாள். அவரால் அழவும் முடியவில்லை சிரிக்கவும் முடியவில்லை. நான் மீன்டினை அவருடைய கையில் வைத்தேன். எண்களை வாசித்தார். சுற்றிவரப் பார்த்துவிட்டு அதைக் காற்சட்டைப் பைக்குள் போட்டுக்கொண்டார்.

அவரோடு எனக்கு வேலை முடிந்தது. நான் பொட்டுக்குள் குனிந்தேன்.

"மெல்லக் குனி" என்று யன்னலுக்குள்ளால் குரல் வந்தது. "ஆடிக்கொண்டு நிக்கிற கல்லு. மண்டை உடையப் போகுது, விசரி."

அவள் எழும்பி இருக்கவில்லை. படுத்த கிடையாகவே ஏசினாள். நான் கட்டில் விளிம்பில் இருந்து, மண் பிடித்த கையோடு அவளுடைய காலைப் பிடித்துக்கொண்டு, ஊரே கேட்க அழுதேன்.

மார்ச் 31, உயிர்ப்பு ஞாயிறு

அக்கா இரண்டு கரண்டி கஞ்சி குடித்தாள். உப்புக் கூட என்றாள். கூடவில்லை.

ஏப்ரல் 1, திங்கள்

அக்காவுக்குத் தலை இழுத்துவிட்டுக்கொண்டிருந்தேன். கண்ணை மூடியபடியே சொன்னாள்.

"நீ அண்டைக்கு ஐஸ் எடுக்கத்தானே போனனி."

சீப்பு கையில் நின்றுவிட்டது. இதை நான் ஒருவருக்கும் சொன்னதில்லை. மரியதாசனுக்குத் தெரியும், அவரும் போய்விட்டார்.

அம்மாவுக்குக் கடைசி மூன்று நாளும் தொண்டை வறட்சி. ஐஸ் ஒரு துண்டு வாயில் வைக்கத் தா என்று கேட்டபடியே இருந்தார். அப்போது தீவில் மின்சாரம் கிடையாது. கரையில், மீன் ஏற்றுகிற துறையில்தான் ஐஸ் கிடைக்கும். விடிய வெளிக்கிட்டேன். கடல் கடக்கப் படையினர் தருகிற பாசுக்கு இரண்டு மணித்தியாலம் வெயிலில் நின்றேன். உமிச் சாக்குக்குள் ஒரு பாளத்தைச் சுற்றிக்கொண்டு வள்ளத்தில் ஏறினால், நடுக்கடலில் எஞ்சின் நின்றுவிட்டது. நான் துறையில் இறங்க, துக்கமணி அடித்துக்கொண்டிருந்தது. சாக்குக்குள் உமியும் தண்ணீரும்தான். அதைத் தூக்கிக்கொண்டு எப்படி வீட்டுக்குப் போவது? கடலில் எறிந்துவிட்டு வெறுங்கையோடு போனேன். எங்கே போனாய் என்று ஒருவரும் கேட்கவில்லை. சீலை வாங்கப் போனாள் என்று அவர்களே முடிவுகட்டினார்கள். கேட்காதவர்களுக்கு நான் ஏன் சொல்ல வேண்டும்?

எப்படித் தெரியும் என்று கேட்டேன். மதில் கட்டி ஒரு மாதத்தில் வள்ளக்காரன் அவளிடம் சொல்லியிருக்கிறான்.

"அப்ப ஏனக்கா ஒரு சொல்லுச் சொல்லேல்லை?"

"மதில் கட்டினது நீ. நீயே முதலில வாயைத் திறப்பாய் எண்டு இருந்தனான்."

"இருபத்தாறு வருசமோ?"

முகத்தை யன்னல் பக்கம் திருப்பிக்கொண்டாள். "பந்தியில அப்பிடிச் சொன்னது பிழை பிலோ" என்றாள். பிறகு தலையை என் பக்கம் திருப்பி, சிக்கு எடுக்கிறதெண்டால் நோகாமல் எடு என்று ஏசினாள்.

அந்தக் கொழும்பு ஐயாவையும் நிபுணரையும் துஷ்யந்தனையும் இந்தக் கொப்பி முழுக்க நையாண்டி செய்திருக்கிறேன். அவர்கள் ஒரு மதிலை ஒரு மாதம்தான் நம்பினார்கள். நாங்கள் இரண்டு விசரிகளும் எங்கள் வயதை முழுக்க அதற்குக் கொடுத்திருக்கிறோம்.

ஏப்ரல் 5, வெள்ளி

திட்ட அலுவலகத்திலிருந்து பதிவுத் தபாலில் கடிதம். 1764ஆம் ஆண்டு மதிலுக்கு நான் விளைவித்த பாரிய சேதம் குறித்து ஏழு நாட்களுக்குள் எழுத்தில் விளக்கம் தர வேண்டுமாம். அதுவரை வழிகாட்டி வேலையிலிருந்து இடைநிறுத்தம். மீன்டினைப் பற்றி ஒரு வரியும் இல்லை. அடியில் இன்னொரு பந்தி, வேறு எழுத்தில். உல்லாசப் பயணிகளிடமிருந்து நல்ல வரவேற்பு வந்திருப்பதால், வழி திறக்கும் அந்தப் பாரம்பரிய நிகழ்வை மாதம் ஒருமுறை நடத்த முடியுமா, திறந்த பின் கல்லைத் திருப்பி அடுக்க எவ்வளவு நேரம் எடுக்கும் என்றும் அறியத்தர வேண்டுமாம்.

அக்காவுக்கு வாசித்துக் காட்டினேன். சிரிக்கத் தொடங்கி, மூச்சு இழுத்து, பிராண வாயுக் குழாயை மூக்கில் வைத்த பிறகுதான் அடங்கினாள். நேற்று வந்த டொக்டர் இன்னும் ஒரு கிழமை, கூடிப்போனால் பத்து நாள் என்றார். முதுகில் புண் வைக்கத் தொடங்கிவிட்டது. இரண்டு மணித்தியாலத்துக்கு ஒருமுறை பக்கம் மாற்றிப் படுக்கவைக்கச் சொன்னார். றீற்றா தூக்கினால் நோகிறதாம், நான்தான் வேண்டுமாம்.

விளக்கம் எழுத எனக்கு நேரமில்லை. ஒரு மணிக்கு இடப்பக்கம் படுக்கவைத்துவிட்டுக் குளிக்க வந்தேன். இப்போது மூன்றாகிறது. போக வேண்டும்.